புகை விட்டவன்

நவம்பரில் ஃபெராராவுக்கு முகம் கிடையாது.
போ நதிப் பக்கமிருந்து மூடுபனி கிளம்பி வந்து
மதில் ஏறிக் குதித்து
தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக
ஈரப் பஞ்சில் சுற்றி வைத்துவிடும்.
நாலரை மணிக்கு
பெலோனி அடுமனையின் வேனை எடுக்கிறேன்.
பின்னால் நாற்பது தட்டு ரொட்டி,
முன்னால் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால், சைக்கிள்கள்.
இங்கே ஆளுக்கொரு சைக்கிள், சிலருக்கு இரண்டு,
விளக்கு மட்டும் யாரிடமும் இல்லை.
கேட்டால் காரணம் வைத்திருக்கிறார்கள்.
டைனமோ டயரைத் தொட்டால் மிதி கனக்கிறது.
பேட்டரி விளக்கென்றால் ஸ்டேஷன் வாசலிலேயே
கழற்றிக்கொண்டு போய்விடுகிறான் எவனோ.
மருந்துக்கடை லொரெத்தானா
பிறந்ததிலிருந்து இதே தெருவாம்,
எனக்கெதற்கு வெளிச்சம் என்கிறாள்.
அவளுக்கு வேண்டாம்தான்.
வேண்டியது எனக்கு.

ஆகவே காதால் ஓட்டுகிறேன்,
கண்ணாடியை இறக்கிவிட்டு,
இடது கன்னத்தைக் குளிர் தின்னக் கொடுத்து.
சங்கிலி உறையில் அடித்தால்
பள்ளிக்கூடம் பெருக்கும் மிர்க்கா.
பிரேக் கிறீச்சிட்டால்
ஆஸ்பத்திரிச் சமையல்காரர்.
இரண்டு சைக்கிள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போனால்
அது தெபால்தி தம்பதி, ஓரமாய் ஒதுங்கிவிடுவேன்.

எர்மெஸ்ஸுக்கு மட்டும் சத்தமே கிடையாது.
ஆலையில் ஃபிட்டர்; எண்ணெய்க்கும் கிரீசுக்கும் பஞ்சமில்லை.
பூனை போல வருவான்.
ஆனால் வாயில் சிகரெட்.
கைப்பிடிக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி
உருளைக்கல் தெருவில் குலுங்கிக் குலுங்கி வரும்.
இழுக்கும்போது கொஞ்சம் பெருக்கும்.
தனக்கே தெரியாமல்
பதினோரு வருடம் விளக்கு வைத்து ஓட்டியவன்
இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
பொர்த்தா மாரே திருப்பத்தில் புள்ளி இல்லை.
புள்ளி இல்லையென்றால் எர்மெஸ் இல்லை.
வளைத்தேன்.
பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது,
பிறகு கம்பளித் தொப்பி,
பிறகு என் பம்பரில்
கதவு தட்டுகிற மாதிரி மெல்ல
ஒரு முன்சக்கரம்.
தட்டுகள் சரிந்தன.
அவன் தரையில் உட்கார்ந்து
முழங்காலைப் பார்க்காமல்
சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தான்.

'சிகரெட் எங்கே?' என்று கத்தினேன்.
மோதிய எவளும் கேட்டிருக்க மாட்டாள் இப்படி.
'விட்டுட்டேன். ஒன்பது நாளாச்சு.
நிறைய நாள் இருக்கணும்னா விடுன்னாங்க.'
சட்டைப்பையில் இருந்தது
அதிமதுரக் குச்சி. உடையவில்லை.
ஒரு முனையைக் கடித்துக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தான், பாவி.
ஊர் மட்டும் எங்களைச் சுற்றி
புகை விட்டுக்கொண்டே இருந்தது.

கண் கூசுகிறது என்றான்.
வேன் விளக்கை அணைத்தேன்.
அதுவரை முன்னால் நின்ற வெள்ளைச் சுவர்
அப்படியே இடிந்து விழுந்தது.
ரொட்டி பொறுக்கக் குனிந்து நிமிர்வதற்குள்
தெரு வந்துவிட்டது:
சாம்பலுக்குள் கொஞ்சம் கறுத்த சாம்பலாக
ஒருத்தி, அவள் பின்னால் இருவர்,
கூடையில் நாயோடு ஒருவர்.
ஒருவரும் ஒருவரையும் உரசவில்லை.
கை தூக்கினார்கள், விலகினார்கள்,
கீழே கிடந்த ரொட்டியைக்கூடச் சுற்றிப் போனார்கள்.
இத்தனை வருடமும்
இருட்டு எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது.

இதை நான் வெளியே சொல்லவில்லை.
சொன்னால் அப்புறம் ஒரு பயல் விளக்கு வாங்க மாட்டான்.
விளக்கைப் போட்டேன், சுவர் எழுந்தது,
ஏழு கடைக்கு ரொட்டி தாமதம்.

சனிக்கிழமை அவனுக்கொன்று வாங்கிக் கொடுத்தேன்.
கடையில் மிச்சமிருந்தது சிவப்பு,
பின்னால் கட்டுவது.
முன்னால் கட்டியிருக்கிறான்.
அதையும் சும்மா எரிய விடுவதில்லை.
என் டீசல் இருமுவது கேட்டால்
ஒருமுறை அழுத்துவான்,
மூச்சு இழுக்கிற அளவு நேரம்,
பிறகு விட்டுவிடுவான்.